வேதாவின் படம் மாட்டிய உயரம்

வேதவல்லி இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை காலை ஏழு மணிக்கு, கோவளத்திலிருந்து காதர் பாயின் குரலில். திருக்கழுக்குன்றத்தில் என் பிசியோதெரபி கிளினிக்கைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். "அம்மா பூட்டாங்க சார்" என்றார். விடியற்காலையில் மூளையில் ரத்தக் கசிவாம். இரண்டாம் முறை சாயங்காலம், செல்போனில் குறுஞ்செய்தியாக. பிசியோதெரபிஸ்ட் வேதவல்லி மறைவையொட்டி செங்கல்பட்டில் இரங்கல் கூட்டம், அனைவரும் வருக என்று போட்டு, கீழே தலைமை தாங்குபவரின் பெயர். அந்தப் பெயரைப் படித்ததும் காலையிலிருந்து நிற்காமல் வந்துகொண்டிருந்த அழுகை எனக்குச் சட்டென்று நின்றுவிட்டது.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. இது வேதாவைப் பற்றிய கட்டுரை, இதில் அவருக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். அதுவே போதும். வேதாவும் நானும் ஒரே வயது, ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் அவளை அவள் என்றே எழுதுகிறேன். அவர் என்பதைப் பெரிய டாக்டருக்கு விட்டுவிடலாம், அது இல்லாமல் அவருக்குக் கஷ்டம்.

கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் வேதாவைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களே, கூட வேலை செய்தவர்களே, உங்களுக்கு உண்மை தெரியும். நோயாளியிடம் மட்டும்தான் அவளுக்குப் பொறுமை. மற்றபடி அவள் எதையும் மறக்காதவள், லேசில் மன்னிக்காதவள். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஒருநாள் கூடுதல் ஆளை ஏற்றுவதற்காக அவளைக் கேளம்பாக்கத்துக்கு முன்பே நடுரோட்டில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவள் அந்த ஆட்டோவில் ஏறவே இல்லை. கொட்டுகிற மழையில் காலி வண்டியாக வந்து நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதே ஆட்டோக்காரரின் அம்மாவுக்கு முட்டி வலி வந்தபோது மூன்று மாதம் வீட்டுக்கே போய் வைத்தியம் பார்த்தாள். போகும்போதும் வரும்போதும் நடந்துதான். மகன் வாசலில் ஆட்டோவோடு நிற்பார், இவள் அவரைத் தாண்டி நடப்பாள். அவளுடைய பழிவாங்கல் அந்த மாதிரி.

தொண்ணூறுகளின் நடுவில் செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு நர்சிங் ஹோம். அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தோம். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதில் கையைத் தூக்க முடியாமல் யார் வந்தாலும் சீட்டில் ஒரே வியாதிதான் எழுதியிருக்கும், தோள் இறுகிவிட்டது என்று. சர்க்கரை வேறு இருந்துவிட்டால் மறுபேச்சே கிடையாது. ஊசி போடுவார்கள், பிறகு எங்களிடம் அனுப்பி இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்வார்கள். பாதிப் பேருக்கு அது சரியாகத்தான் இருக்கும். மீதிப் பேரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வேதா மட்டும் ஒவ்வொருவரையும் இரண்டு முறை அளப்பாள். முதலில், நீங்களே தூக்குங்க என்பாள். எத்தனை டிகிரி வருகிறது என்று குறித்துக்கொள்வாள். பிறகு, இப்ப சும்மா வுடுங்க, நான் தூக்கறேன் என்பாள். அதையும் குறிப்பாள். இறுகிப்போன தோள் என்றால் யார் தூக்கினாலும் வராது, இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் நோயாளி தூக்கினால் வராத கை, அடுத்தவர் தூக்கினால் சுலபமாக மேலே போகிறது என்றால் கதவு பூட்டியிருக்கவில்லை, இழுக்கிற கயிறுதான் அறுந்திருக்கிறது. இதை அவள் நோயாளிக்கு விளக்குவதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். "தோளுக்கு மேல ஒரு பெரிய தசை கீதுங்க, வெளியில தெரியும், பேரெல்லாம் அதுக்குத்தான். உள்ள நாலு சின்ன தசை கீது. எலும்பு நழுவாம புடிச்சிகினு நிக்கறது அந்த நாலும்தான். அதுல ஒண்ணு கிழிஞ்சாலும் பெரியவரால ஒண்ணும் பண்ண முடியாது." கடைசி வரியைச் சொல்லும்போது பெரிய டாக்டரின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள்.

காதர் பாய் கோவளத்துப் பண்டாரி. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிறவரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கல்யாணத்தில் டேக்சாவை, பிரியாணி நிறைந்த அந்தப் பெரிய அண்டாவை, இருவராக அடுப்பிலிருந்து இறக்கும்போது எதிரில் பிடித்தவருக்குக் கை வழுக்க, மொத்த எடையும் பாயின் வலது கையில் விழுந்தது. அன்று முதல் கை எழவில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பெரிய டாக்டர் இரண்டு மாதத்தில் மூன்று ஊசி போட்டுவிட்டு, தோள் இறுக்கம், வலிந்து அசைக்கவும் என்று எழுதி எங்களிடம் அனுப்பினார். டேக்சா விழுந்த கதையை அவர் கேட்கவே இல்லை என்று பாய் பிறகு சொன்னார்.

வேதா அளந்தாள். பாய் தூக்கினால் அறுபது, அவள் தூக்கினால் நூற்றி அறுபது. மேலே கொண்டுபோன கையை மெல்ல இறக்கச் சொன்னாள். பாதி வழியில் அது பிடிப்பில்லாமல் தொப்பென்று விழுந்தது. சீட்டின் பின்பக்கம் இரண்டு எண்ணையும் எழுதி, இது இறுக்கம் அல்ல, கிழிசல், வலிந்து அசைக்கக் கூடாது, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடமே திருப்பி அனுப்பினாள். அந்த நர்சிங் ஹோமில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. சீட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. அவள் எழுதியதன் மேல் பச்சை மையில் குறுக்கே ஒரு கோடு. அடியில், சொன்னதைச் செய் என்று இரண்டு வார்த்தை. வேதா செய்ய மாட்டேன் என்றாள். அடுத்த நாள் அந்தச் சீட்டு என் மேஜைக்கு வந்தது.

நான் செய்தேன். இதை இரங்கல் கூட்டத்தில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். காதர் பாயைப் படுக்கவைத்து, தோள்பட்டையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் அவர் கையை மேலே கொண்டுபோய், நின்ற இடத்திலிருந்து இன்னும் தள்ளினேன். வேதா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அவள் அளக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பெரிய டாக்டரைப் பகைத்துக்கொண்டால் வேலை போகும் என்பதும் தெரியும், அதனால் தள்ளினேன். மூன்றாம் நாள் என் விரல்களுக்கு அடியில் நனைந்த துணி கிழிவது மாதிரி ஏதோ ஒன்று விட்டது. பாய் சத்தம் போடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டார்.

பாய் தானாகத் தூக்குகிற அறுபது டிகிரி நாற்பதாகிவிட்டது. பாயின் அண்ணன் நாலு பேரோடு வந்து நியாயம் கேட்டார். பெரிய டாக்டர் பதறவில்லை. முதல் நாள் அந்த அம்மா கையைத் தப்பாகத் தூக்கிப் பார்த்ததில்தான் நரம்பு கிழிந்தது, அதைச் சரிசெய்யத்தான் நாங்கள் பாடுபட்டோம் என்றார். நோயாளிப் பதிவேட்டில் இருந்ததும் வேதாவின் பெயர்தான். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கையை உடைத்த அம்மா என்ற பேர் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு இரண்டு வருஷம் எந்த ஆஸ்பத்திரியும் அவளை எடுக்கவில்லை.

அவள் போன பதினைந்தாம் நாள் நர்சிங் ஹோம் எதிரில் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "ஞாயித்துக்கெழம காலையில கோவளம் வந்துடு" என்றாள். "நீ கெடுத்த கை. நீயே வந்து எடுத்துக் குடு."

போனேன். பாயின் வீட்டுக் கூடத்தில் அண்ணனும் உட்கார்ந்திருந்தார். வேதா என்னை நடுவில் நிற்கவைத்து, சொல்லு என்றாள். யார் தள்ளியது, எப்போது கிழிந்தது என்று சொன்னேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். காதர் பாய் உள்ளே பார்த்து மூன்று டீ கேட்டார். அந்த வாரமே நாங்கள் சென்னைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். அங்கிருந்த சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதலிலேயே வந்திருந்தால் தைத்திருக்கலாம், இப்போது தசைநாண் உள்ளே சுருங்கிப் போய்விட்டது, இழுத்தாலும் எட்டாது என்றார். மிச்சம் இருக்கிற தசைகளைப் பலப்படுத்துவது ஒன்றுதான் வழி.

ஒன்றரை வருஷம், ஒரு ஞாயிறு விடாமல், செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாக பஸ் மாறி கோவளம் போய் வந்தேன். வேதா பாயின் கையைத் தொடவே மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு உத்தரவு போடுவாள். முதலில் பாயைக் குனிந்து நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டச் சொல்வது. பிறகு கதவு நிலையில் முஷ்டியை வைத்து, கை அசையாமல் அழுத்துவது. அதன் பிறகு பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் இழுப்பது. முழங்கை விலகாமல் இருக்கக் கக்கத்தில் ஒரு துண்டைச் சுருட்டிவைப்பாள். துண்டு கீழே விழுந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. வலிக்கிற அளவுக்குப் போகக் கூடாது, சோம்பலும் கூடாது. ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல், வர முடியாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் அவளே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "பாய் கைக்கும் இன்னிக்கு லீவு வுட்டுட்டியா?" என்றாள். என் மனைவி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நாற்பதிலிருந்து தொண்ணூறு வரை கொண்டுவந்தோம். கை தோள் மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு அங்குலம் போகவில்லை. அடுப்பைத் தாழ்வாகப் போட்டு, நீளக் கரண்டியை உடம்போடு சேர்த்துப் பிடித்து, கையால் அல்லாமல் இடுப்பைத் திருப்பிக் கிண்டப் பழக்கினாள். டேக்சாவை மகன் இறக்குவான். பாய் மறுபடியும் பண்டாரி ஆனார். ஆனால் அலமாரி மேல் தட்டிலிருந்து ஒரு சாமானை அவரால் வலது கையால் எடுக்க முடியாது, கடைசிவரை முடியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேதா கேளம்பாக்கத்தில் சொந்தமாக ஒரு அறை பிடித்தாள். சிறுசேரி கம்பெனிப் பிள்ளைகள் வந்தார்கள், கழுத்து வலி, தோள் வலி என்று. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கக்கத்தில் துண்டோடு வரிசையாக நின்று சைக்கிள் டியூப் இழுத்தார்கள். மாமல்லபுரத்திலிருந்து சுத்தியல் பிடிக்கிற சிற்பிகள் வந்தார்கள். ஒரு சுவர் முழுக்கப் பென்சில் கோடுகள். சுவரில் விரலால் ஏறி எவ்வளவு உயரம் எட்ட முடிகிறதோ அங்கே கோடு போட்டு, பேரின் முதல் எழுத்தும் தேதியும் எழுதுவாள். காதர் பாயின் கோடு எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும். வெள்ளையடிக்கும்போதும் அந்தச் சுவரைத் தொட விடமாட்டாள்.

அந்த அறைக்குத்தான் ஒருநாள் பெரிய டாக்டர் வந்தார். கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டின் படியில் சறுக்கி வலது கையை ஊன்றியிருக்கிறார். கிழிசல். சென்னையில் ஆபரேஷன். தைத்த சர்ஜன், உங்கள் பக்கத்தில் இதற்கு ஒருவர்தான் இருக்கிறார் என்று வேதாவின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வர முடியுமா என்று டிரைவர் வந்து கேட்டார். டோக்கன் எடுத்துட்டு வந்து உக்காரச் சொல்லு என்றாள். வந்தார், பெஞ்சில் இரண்டு சிற்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

தைத்த தோளை முதல் ஆறு வாரம் நோயாளி தானாக அசைக்கக் கூடாது. பிசியோதான் தூக்கி இறக்க வேண்டும். ஆறு வாரம் அவருடைய கை முழுக்க வேதாவின் கையில். எனக்கு அது தெரிந்ததும் தூக்கம் வரவில்லை. கேளம்பாக்கம் போய் அவளிடம் வெட்கமில்லாமல் கேட்டேன், லேசாக ஒரு தள்ளு தள்ளினால் போதுமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று. சிரித்தாள். "தள்ளினா ஒரு நாளு வலிக்கும்யா. முழுசா சரி பண்ணி வுட்டேன்னு வையி, சாவுற வரைக்கும் தெனம் காலையில தல வாரும்போது என்னை நெனச்சிகினே வாரணும். எது பெருசு, நீயே சொல்லு."

ஒன்பது மாதம் செய்தாள். ஒரு டிகிரி விடவில்லை. ஒவ்வொரு வாரமும் அவர் கோட்டைக் காதர் பாயின் கோட்டுக்கு நேர் மேலே போட்டாள். அவர் விரல் ஒவ்வொரு தடவையும் பாயின் எழுத்தைத் தாண்டித்தான் ஏற வேண்டும். கடைசி நாள் முந்திரிப் பொட்டலத்தோடு வந்து, பழசையெல்லாம் மறந்துடலாம்மா என்றாராம். நீங்க மறந்துக்கங்க சார், எனக்கு வேணும் என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாளாம். பொட்டலம் பெஞ்சிலேயே கிடந்து, சிற்பிகள் சாப்பிட்டார்கள்.

இரங்கல் கூட்டத்துக்கு மண்டப ஏற்பாட்டை என்னிடம் கொடுத்தார்கள். உடனே ஒத்துக்கொண்டேன். முந்தின நாள் கேளம்பாக்கம் போய், வேதாவின் தம்பியிடம் சாவி வாங்கி அறையைத் திறந்தேன். சுவரில் பெரிய டாக்டரின் கடைசிக் கோட்டைக் கண்டுபிடித்து, தரையிலிருந்து டேப் வைத்து அளந்தேன். செங்கல்பட்டு வந்து மண்டப மேடைச் சுவரில் அதே உயரத்தில் ஆணி அடித்து வேதாவின் படத்தை மாட்டினேன். ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேடையில் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக் கழிப்பறையில் வைத்தேன்.

மாலையோடு எழுந்து வந்தவர் படத்தைப் பார்த்தார், பிறகு ஸ்டூலைத் தேடினார். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். வேறு வழியில்லாமல் வலது கையைத் தூக்கினார். அது போயிற்று, அவள் கொண்டுவந்து விட்ட இடம் வரைக்கும் அழகாகப் போயிற்று. மாலை விழுந்த பிறகும் கை ஒரு கணம் அங்கேயே நின்றது. அந்த உயரம் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் ரத்தமில்லை. தலைமையுரையில், எங்கள் நர்சிங் ஹோமில் வளர்ந்த பெண் என்று தொடங்கி இரண்டு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து நான் மைக்கைப் பிடித்தேன். காதர் பாயின் கையைக் கிழித்தது என் கை, கிழிக்கச் சொன்னது இவர் பேனா, பழியைச் சுமந்தது இந்தப் படத்தில் இருப்பவள் என்றேன். பச்சைக் கோடு போட்ட அந்தச் சீட்டை எடுத்து இரண்டு பக்கமும் படித்தேன். அதை நான் அன்றே மேஜையிலிருந்து எடுத்து மறைத்துவைத்திருந்தேன். வைத்திருக்கத் தெரிந்தவனுக்கு அன்றே நீட்டத் தைரியம் இல்லை. டீ வருவதற்குள் பெரிய டாக்டர் கேஸ் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு காதர் பாய் மேடைக்கு வந்தார். கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சின்ன ரோஜா மாலை. எங்க ஆளுங்க படத்துக்கு மாலை போடறதில்ல சார், அம்மா வூட்டு வழக்கம் இதுதானே, அதான் வாங்கியாந்தேன் என்றார். படத்தருகே போய் வலது கையைத் தூக்கினார். கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றது. மாலை சுவரில் உரசியது. இன்னொரு முறை முயன்றார். இடது கையால் போடுங்களேன் பாய் என்றேன். அந்தக் கையால அவுங்களுக்குப் போடக் கூடாது என்று தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார். "இன்னா சார், எனக்கு எட்டாத ஒசரத்துல மாட்டி வச்சிகிறீங்க?"

டேப் வைத்து அளந்தபோது அந்தச் சுவரில் கீழே இருந்த பாயின் கோட்டையும்தான் பார்த்தேன். அவர் வருவார் என்று தெரியும். பெரிய டாக்டரின் கை மேல் இருந்த ஆத்திரத்தில், நான் கெடுத்த கையை இரண்டாவது முறையும் மறந்துபோனேன். வேதா இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டாள். அவளுடைய பழிவாங்கலில் நோயாளி ஒருபோதும் கணக்கிலிருந்து விடுபட்டதில்லை. ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, பாயின் தோளுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிதானமாக வலது கையால் மாலையைப் போட்டு, மாலை நேராக இருக்கிறதா என்று ஒரு முறை சரிசெய்தார்.

என்னை மன்னித்தாயா என்று வேதாவிடம் நான் கேட்டதில்லை. பதில் தெரியும். அவளிடமிருந்து என்னிடம் இருப்பவை பச்சைக் கோடு போட்ட ஒரு சீட்டும், ஒரு சைக்கிள் டியூபும், எந்த நோயாளியையும் இரண்டு முறை அளக்கிற பழக்கமும், அந்தப் படமும். படம் இப்போது என் கிளினிக்கில் இருக்கிறது. வருகிறவர்கள் ஏன் சார் இவ்வளவு தாழ்வாக மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். தொண்ணூறு டிகிரியில் மாட்டியிருக்கிறேன். காதர் பாய் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அவருக்கு எட்டுகிறது.